நாலு கதவிலிருந்தும் வந்த குரல்

சாட்டி, வேலணை.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின்.

என் அன்பு மகள் யூலியானாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்லாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்தெழும்பி உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன். எழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே, போன கிழமை மீன் வெட்டும்போது வலது பெருவிரலில் வெட்டிப்போட்டேன், இரண்டு தையல்தான், ஆனால் பேனை பிடிக்க ஏலாது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எமிலி எழுதுகிறாள். பக்கத்து வீட்டுக் கிளின்ரன் வருகிற கிழமை யப்பானுக்கு வருகிறான், அவனிடம் மிளகாய்த்தூளும் பனை ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பொதிக்குள்தான் இந்தக் கடிதமும் வரும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீயும் நானும் போனில் கதைத்தால் பாதி நேரம் அழுகையிலும் மிச்ச நேரம் கேக்குதோ கேக்குதோ என்பதிலும் போய்விடுகிறது, இது திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டிய விசயம், உன் அப்பாவைப் பற்றியது. பயப்படாதே, அவருக்குச் சுகமில்லாமல் ஒன்றும் இல்லை. நடந்தபோது நான் அந்த இடத்தில் இருக்கவில்லை, எமிலிதான் இருந்தவள், ஆகையால் அவளே தன் சொல்லில் எழுதட்டும், நான் முடிவில் வந்து சேருகிறேன். புத்தகம் எழுதுகிற மாதிரி நீட்டுவாள், பொறுமையாக வாசி.

அக்கா, இனி எழுதுவது நான். கல்வியியற் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு நீங்கள் யப்பானுக்குப் போய் வருகிற ஐப்பசியோடு இரண்டு வருடம். அன்றைக்கு உங்களை பஸ் ஏற்றிவிட வந்த அப்பா வாகனத்தை விட்டு இறங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்தது முழுவதும் தெரியாது, அம்மா சொல்லியிருக்க மாட்டா. உங்கள் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் அழைப்பு வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார், ஒரு மனிதருக்கு இருக்கிற இரண்டு கால்களைக் கழுவ எடுக்கிற நேரத்தைவிட நெடுநேரம் கழுவுவார். ஹயர் வாகனத்தோடு அவர் காத்து நிற்கிற குறிகட்டுவான் படகுத்துறையில் ஆராவது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் சின்னவள் படிக்கிறாள் என்று மட்டும் சொல்லுவார். பெரியவள் ரீச்சராக வரப்போகிறாள் என்று அந்தத் துறை முழுக்கச் சொல்லிவைத்தவர் அவர், சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் உங்களையே பேச்சிலிருந்து எடுத்துவிட்டார். இது என்னுடைய எண்ணம், அம்மா இதை வாசித்துவிட்டு வெட்டச் சொன்னா, பிறகு இருக்கட்டும் என்றா.

பிரான்சிலிருக்கிற மாமா வாங்கி அப்பாவிடம் வாடகைக்கு ஹயர் ஓடக் கொடுத்த காரைப் பற்றி அம்மா சொல்லியிருப்பா. வெள்ளை ஹைபிரிட் கார், யப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தது. அக்கா, அதைப் போல ஒரு பொருளை நான் கண்டதில்லை. அது ஸ்ராட் ஆகும்போது சத்தமே வராது, முதல் நாள் அப்பா ஸ்ராட் ஆகவில்லை என்று நினைத்து அந்தப் பொத்தானை நாலு தரம் அமத்தினார், கார் நாலு தரமும் உயிர் வந்து உயிர் போய்க்கொண்டிருந்தது. திரையில் எல்லாம் யப்பானிய எழுத்து. ஒவ்வொரு காலையும் ஒரு பெண்ணின் குரல் யப்பானிய மொழியில் ஒரு வசனம் சொல்லும், மிகவும் மரியாதையான குரல், அப்பா சீற் பட்டியைப் போட்டுக்கொண்டே அதற்கு ஓம் பிள்ளை ஓம் பிள்ளை என்று மறுமொழி சொல்லுவார். ஒருநாள் என்ன பிள்ளை சொல்லுறாள் இவள் என்று என்னைக் கேட்டார். அக்காவைக் கேட்டால் தெரியும் அப்பா என்றேன். அவர் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணி எடுத்துத் துடைத்தார்.

ஆனி மாதம் அலுமாரியில் என் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது உங்கள் நீல எம்.பி.3 பிளேயர் கிடைத்தது, தீப்பெட்டியளவில் இருக்குமே, அதுதான். பாட்டு இருக்கும் என்று நினைத்துச் சார்ஜ் ஏற்றிக் காதில் வைத்தேன். பாட்டு ஒன்றும் இல்லை. பாடம் ஒன்று, புவியோட்டின் அமைப்பு என்று உங்கள் குரல் தொடங்கியது. உயர்தரம் படிக்கிற காலத்தில் விடிய எழும்பிக் குறிப்புகளை நீங்களே வாசித்துப் பதிந்துவிட்டு, பகலில் தேங்காய் துருவும்போதும் முற்றம் கூட்டும்போதும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நானும் இப்போது உயர்தரத்தில் புவியியல்தான் எடுத்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் எல்லாரும் ஒரு ரீச்சரிடம் படிக்கிறார்கள், எனக்கு மட்டும் இரண்டாவது ரீச்சர் ஒருவர் அலுமாரிக்குள் இருந்திருக்கிறா.

ஹெட்செற்றில் ஒரு காது வேலை செய்யவில்லை, மற்றதும் தலையை ஒரு பக்கம் சரித்தால்தான் கேட்கும். சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணம் ரியூசனுக்கு அப்பாவுடன் காரில்தான் போய் வருகிறேன், அந்தக் காருக்குள் எத்தனையோ ஒலிபெருக்கி இருக்கும்போது ஏன் சரிந்த தலையோடு கேட்க வேண்டும் என்று யோசித்தேன். அங்கேதான் பாடு தொடங்கியது. பிளேயரில் இருப்பது ஹெட்செற் வயர் போடுகிற வட்ட ஓட்டை ஒன்று, காரில் அதற்குச் சோடி ஓட்டை எங்குமே இல்லை, முன்சீற்றுப் பெட்டிக்குள்ளும் சீற்றுக்குக் கீழும் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். யூ.எஸ்.பி. வயரால் தொடுத்தால் கார் அதற்குச் சார்ஜ் கொடுத்தது, பாட்டுப் பெட்டியாக ஏற்றுக்கொள்ளவில்லை, திரையில் ஒரு வரி எழுதிக் காட்டியது, அதன் பொருள் மன்னிக்கவும் என்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். புளூரூத் என்றால் காருக்குத் தெரியும், பிளேயர் அது வருவதற்கு முந்தின ஆள். அப்பா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னத்துக்குப் பிள்ளை இந்தப் பாடு, போனிலை பாட்டைப் போடன் என்றார். பாட்டில்லை அப்பா, பாடம் என்றேன். ஆருடைய குரல் என்று சொல்லவில்லை, சொன்னால் அவர் இறங்கிப் போய்விடுவார் என்று பயந்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் இதைச் சொல்லிக் கேட்டபோது பெருவிரலளவு ஒரு கருவி தந்தார்கள், ட்ரான்ஸ்மிற்றர் என்றார்கள். சிகரெட் கொளுத்துவதற்கென்று காரில் ஒரு துளை இருக்கிறதே, அதில் அதைச் செருகி அதன் வயரைப் பிளேயரில் போட்டால் அது ஒரு குட்டி வானொலி நிலையம் ஆகிவிடும், காரின் றேடியோவை அதே எண்ணுக்குத் திருப்பினால் பிளேயரில் இருப்பது ஒலிபெருக்கியில் வரும். எவ்வளவு எளிது பாருங்கள், ஆனால் வரவில்லை. கடைக்காரர் நூறில் வைத்துத் தந்திருந்தார், எங்கள் றேடியோ தொண்ணூறுக்கு மேல் ஏற மறுத்தது. கருவி பழுது, திருப்பிக் கொடு என்றார் அப்பா. எனக்கு மனம் கேட்கவில்லை. பாடசாலை நூலகத்தில் ஒரு பழைய கலைக்களஞ்சியத்தைப் பிரட்டியபோதுதான் விசயம் விளங்கியது. யப்பானில் எப்.எம். எண்கள் எழுபத்தாறில் தொடங்கித் தொண்ணூறில் முடிந்துவிடுமாம், நமக்கு எண்பத்தேழரையில் தொடங்கி நூற்றெட்டு வரை போகிறது. அந்தக் கார் இங்கே வந்த பிறகும் தன் நாட்டின் எண்களுக்குள்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருப்பது எண்பத்தேழரை முதல் தொண்ணூறு வரை, இரண்டரை எண் அகலமான ஒரு சின்ன ஒழுங்கை, ஒரு சந்து மாதிரி. அதற்குள்ளும் கடல் தாண்டி வருகிற இந்திய நிலையங்களும் கொழும்பு நிலையங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. தேடித் தேடி எண்பத்தெட்டுத் தசம் ஏழில் ஒரு வெறும் இடம் கண்டுபிடித்தேன்.

போன சனிக்கு முதல் சனி விடியற்காலை ரியூசன் முடிந்ததும் அப்பா என்னையும் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போனார். அவர்கள் நயினாதீவுக்குப் படகேறிப் போய்விட்டார்கள், திரும்பிவர மூன்று மணித்தியாலம் ஆகும். நேரம் பத்து மணி. வாகனங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நின்றன, வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அப்பா கச்சான் கடலை கோதுடைத்துக்கொண்டிருந்தார். நான் வயரைப் போட்டு, எண்ணைத் திருப்பி, பொத்தானை அமத்தினேன். பாடம் ஏழு, சுண்ணக்கற் பிரதேசங்களின் தரைக்கீழ் நீர்.

அக்கா, ஒரு காதுக்குள் கேட்ட குரலும் அதுவும் ஒன்றல்ல. முன் கதவிரண்டிலிருந்தும் பின் கதவிரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது, நீங்கள் மூச்செடுப்பதும் கொப்பித் தாளைத் திருப்புவதும் கேட்டது, எங்களைச் சுற்றி நீங்கள் இருந்தீர்கள். அப்பாவின் கையில் கச்சான் அப்படியே நின்றது. அவர் சட்டென்று பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிளேயரைக் காட்டினேன். நிப்பாட்டு என்பார் என்று காத்திருந்தேன், நிப்பாட்டச் சொல்லவில்லை, எழும்பிப் போகவும் அங்கே கிணற்றடி இல்லை.

நீங்கள் வாசித்துக்கொண்டு போனீர்கள். மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் கீழே இறங்குகிறது, நன்னீர் கடல் நீரைவிடப் பாரம் குறைந்தது, ஆகையால் ஒரு தீவின் அடியில் அது உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டு நிற்கிறது, கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால் கீழே நாற்பது அடி ஆழத்துக்கு இருக்கும். நாப்பதோ என்று அப்பா வாய்விட்டுக் கேட்டார், உங்களைத்தான் கேட்டார், என்னையல்ல. கடலைப் பார்த்தார், காலுக்குக் கீழே பார்த்தார். அப்ப எங்கடை கிணத்துத் தண்ணி கடலுக்கு மேலை மிதந்துகொண்டோ நிக்குது என்றார். நான் அதைப் புத்தகத்தில் படித்து எழுதிப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் அது எனக்குக் கண்ணில் தெரிந்தது. நாங்கள் குளிக்கிறதும் குடிக்கிறதும் நீங்கள் பிறந்ததிலிருந்து குடித்ததும் எல்லாம் ஒரு கடலின் முதுகில் கிடக்கிற மழை.

அப்போது பதிவுக்குள் ஒரு சேவல் கூவியது. கதவு கிறீச்சிட்டது. பிறகு அப்பாவின் குரல், இன்றைய குரலல்ல, ஐந்து வருடத்துக்கு முந்தினது, நாலு கதவிலிருந்தும் வந்தது. ரீச்சர், தேத்தண்ணி, ஆறமுன்னம் குடியும் ரீச்சர். நீங்கள் சிரித்துக்கொண்டு, அப்பா பதியுது, சத்தம் போடாமல் வைச்சிட்டுப் போங்கோ என்றீர்கள். போறன் ரீச்சர், அடிக்காதேங்கோ ரீச்சர் என்று அவர் சொல்லிக்கொண்டு போவதும் கேட்டது, பிறகு நீங்கள் தொண்டையைச் சரிசெய்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினீர்கள். நான் அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. துறையைவிட்டுப் போகிற படகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஆரோ பலமாகச் சிரித்தார்கள். இரண்டு வாகனம் தள்ளி நின்ற வானின் ட்றைவர் தர்சன் அண்ணை, புங்குடுதீவு ஆள், எங்கள் கண்ணாடியில் வந்து தட்டினார். அண்ணை, எங்களுக்குத் தேத்தண்ணி இல்லையோ என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே நிற்கிற வான்களில் அரைவாசி யப்பானிலிருந்து வந்தவை, அவற்றின் றேடியோவும் தொண்ணூறுக்கு மேல் கேளாது, அந்த ட்றைவர்மாரும் காத்திருக்கிற நேரமெல்லாம் அதே சின்ன ஒழுங்கைக்குள்தான் ஏதாவது பாட்டு அகப்படுமா என்று திருப்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் குரல் எங்கள் கதவோடு நின்றுவிடும் என்று நான் நினைத்தது பிழை. பக்கத்தில் நின்ற மூன்று வானிலும் நீங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது வானின் வல்லிபுரம் ஐயா சீற்றைச் சரித்துக் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறார், ஏதோ கல்விச் சேவை என்று நினைத்தாராம்.

றேடியோவிலை உங்கடை குரலும் வந்துது அண்ணை, அந்த ரீச்சர் பிள்ளை ஆர் என்று தர்சன் அண்ணை கேட்டார். அப்பா கையிலிருந்த கச்சான் கோதுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். என்ர மூத்தவள், யூலியானா, யப்பானிலை இருக்கிறாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த இடத்தை நான் எழுதும்போது அம்மா எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டா, அங்கே இப்போது ஒரு வேலையும் இல்லை.

பிறகு கார்க் கதவுகளைத் திறந்துவிட்டோம், நாலைந்து பேர் வந்து நின்றார்கள். தண்ணீர் உவராகிறதற்கான காரணங்களை நீங்கள் எண்ணிச் சொல்லத் தொடங்கினீர்கள். முதலாவது, மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைப்பது, வில்லை மெலிய மெலியக் கடல் மேலே எழும்பி வரும். வல்லிபுரம் ஐயா தலையில் கை வைத்தார். நான் மூண்டு ஹோஸ்பவர் மோட்டரிலை வெங்காயத்துக்கு இறைக்கிறனான், அப்ப நான் கடலையெல்லோ இழுத்துக்கொண்டிருக்கிறன் என்றார். அதைத்தானே நான் உமக்குப் பத்து வருசமாச் சொல்லுறன் என்றார் அப்பா. நீர் சொன்னால் ஆர் கேக்கிறது, இது படிச்ச பிள்ளை சொல்லுது என்றார் ஐயா. அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், அவர் றேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டார். இரண்டாவது மழை குறைவு, மூன்றாவது குளங்கள் தூர்ந்துபோனது, நாலாவது உவர்நீரைத் தடுக்கிற அணைகள் உடைந்து கிடப்பது. ஐந்தாவது காரணம் என்றீர்கள். டிக் என்று ஒரு சத்தம். அடுத்தது பாடம் எட்டு, காடுகள்.

என்ன பிள்ளை, அஞ்சாவதைச் சொல்லாமல் விட்டிட்டா என்று தர்சன் அண்ணை என்னோடு சண்டைக்கு வந்தார். புயலுக்குக் கடல் உள்ளே வாறதுதான் ஐந்தாவது என்று அவர் சொல்ல, சனம் விட்டிட்டுப் போன கிணறுகளைத் துப்புரவாக்காமல் கிடக்கிறதுதான் என்று வல்லிபுரம் ஐயா சொல்ல, கொழும்புக் குடும்பம் திரும்பி வருமட்டும் அந்த வாதம் ஓடியது. அப்பா ஒரு பக்கமும் சேரவில்லை. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்தில் அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டு வரும்போது மட்டும், அவளின்ர கொப்பியிலை பார் பிள்ளை என்றார். கொப்பிகளை நீங்கள் போகும்போது உங்கள் கூட்டாளி பவதாரணிக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவ அவற்றை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாவாம். என் பாடநூலில் நாலு காரணந்தான் இருக்கிறது. ஐந்தாவது உங்களிடம்தான் இருக்கிறது அக்கா.

நேற்றைய சனியும் துறைக்குப் போனோம். நாங்கள் நிறுத்தும் முன்னமே, என்ன அண்ணை இண்டைக்கு ரீச்சர் வரேல்லையோ என்று கேட்டார்கள். அப்பா காடுகளைப் போடச் சொன்னார், கேட்டார்கள், ஆனாலும் ஐந்தாவதை ஒருவரும் மறக்கவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டே, இங்கை காலமை பத்து மணி எண்டால் அங்கை எத்தினை மணி என்று கேட்டார். அம்மா தண்ணீர் வார்த்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றா. ஒன்றரை அப்பா என்றேன். அவள் வேலையிலை நிப்பாளோ என்றார். பிறகு என்னைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் போனைக் காரோடு தொடுக்கக் காட்டித்தரச் சொன்னார். பிளேயருக்கு ஒரு மாதம் பட்ட பாடு போனுக்கு ஒரு நிமிசம் பிடிக்கவில்லை, கார் யப்பானிய மொழியில் ஏதோ கேட்டது, நான் குத்துமதிப்பாக ஓம் என்ற பக்கத்தை அமத்தினேன், பிடித்துக்கொண்டது. போனிலை கதைச்சால் அவளின்ர குரல் நாலு கதவாலையும் வருமோ என்று கேட்டார். வரும் அப்பா, அவ அங்கே பேசுகிற அதே நேரத்தில் இங்கே வரும் என்றேன். அவர் கதவில் ஒலிபெருக்கி இருக்கிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். அப்ப அஞ்சாவதை அவளிட்டையே கேப்பம் என்றார்.

மகள், இனி அம்மா சொல்கிறேன். வருகிற சனியல்ல, அதற்கு அடுத்த சனி, இங்கே பத்து மணிக்கு, உனக்கு ஒன்றரைக்கு, அப்பா உன்னை அழைப்பார். அன்றைக்கு எப்படியாவது அந்த நேரத்தை ஒதுக்கிவை, வேலை என்றால் முன்கூட்டியே மாறிக்கொள். அவர் துறையிலிருந்துதான் எடுப்பார், நாலு கதவும் திறந்திருக்கும், அத்தனை ட்றைவர்மாரும் சுற்றி நிற்பார்கள், ஆகையால் அழாதே, மன்னிப்புக் கின்னிப்பு என்று தொடங்காதே, அப்பா எப்படி இருக்கிறீங்கள் என்றுகூட நீட்டாதே, அவர் கூச்சத்தில் போனை வைத்துவிடுவார். அவர் தொண்டையைச் செருமுவார், அஞ்சாவது காரணம் என்ன என்று கேட்பார், கேட்டதுக்கு மறுமொழியை வடிவாக, எல்லாருக்கும் விளங்க, ஆறுதலாகச் சொல்லு. அவர் இன்னொன்று கேட்டால் அதையும் சொல்லு. அவர் கேட்டுக்கொண்டே போனால் போகட்டும், பிள்ளை, எத்தனை மணியானாலும் நீ முதலில் வைக்காதே.

புனித அந்தோனியாரும் நம் மாதாவும் உன்னை வழியிலும் வேலையிலும் காத்தருள்வார்களாக, உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். குளிருக்கு முன் காலுக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கு. ஏழாம் பாடத்தை இப்போதே ஒருதரம் நினைத்துப் பார்த்துவை, ஐந்து வருடத்தில் மறந்திருந்தால் குற்றமில்லை, தேடியாவது படித்துவை. அவரிடம் தெரியாது என்று மட்டும் சொல்லிப்போடாதே.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா,
மேரிஜோசப்பின்.

(கைப்பட எழுதியது தங்கச்சி எமிலி)